ஜமீலா டீச்சர் கண்ட பள்ளம்

ஜமீலா டீச்சர் காலமாகிவிட்டார் என்று பள்ளிக்கூட போனில் செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நின்ற விதத்திலேயே கெட்ட சேதி என்று தெரிந்துவிட்டது. ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதென்ன அநியாயம்!

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் தமிழாசிரியன். பூகோளத்துக்கு டீச்சரை விட்டால் ஆள் இல்லையென்று ஒரு வகுப்பை என் தலையில் கட்டினார்கள். சுவரில் படத்தை மாட்டி, "நொய்யல் ஆறு மலையிலிருந்து கீழே இறங்குகிறது" என்று குச்சியைத் தெற்கே இழுத்துவிட்டேன். பக்கத்து வகுப்பிலிருந்து டீச்சர் பார்த்துவிட்டார். மணியடித்ததும் வந்து, படத்தைக் கழற்றி, திசை பார்த்துத் தரையில் விரித்தார்.

"சொவத்துல மாட்டுனா எல்லா ஆறும் தெக்க வுழுகற மாதிரிதாங்க சார் தெரியும். இப்பப் பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையும் படத்திலிருந்த மலையும் ஒரே பக்கம் இருந்தன. அங்கிருந்து நேர் கிழக்கே, காவிரியைத் தேடிப் போனது நொய்யல். நாற்பது வயதில் என் ஊரை முதல்முறையாகப் பார்த்தேன்.

அந்த வருஷம்தான் மலையடிவாரத்தில் மனை வாங்கி அஸ்திவாரம் தோண்டினேன். பெருமையாக டீச்சரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, உருண்டைக் கற்களாகப் பொறுக்கினார். மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம்.

"ஏனுங்க சார், இது பள்ளமுங்க. தண்ணி உருட்டுன கல்லுங்க இது. புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இங்க ஊடு கட்டாதீங்க."

"இருவது வருசமாச் சொட்டுத் தண்ணி வரலீங்க டீச்சர்!" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"தண்ணிக்கு இருவது வருசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

ஒரு வாரம் புரண்டு படுத்துவிட்டு வேலையை நிறுத்தினேன். என் மனைவி கமலம் கொதித்துப்போனாள். "அந்தம்மா கல்லப் பாத்துச் சொன்னா நீங்களும் நம்பிப்போட்டீங்க. வாடகை ஊட்லயே கெடக்கோணும்னு என் தலையெழுத்து!" அதன்பின் டீச்சரோடு அவள் பேசவே இல்லை. தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. உண்மையைச் சொன்னால், நானும் மனசுக்குள் டீச்சரைத் திட்டியிருக்கிறேன்.

மறு வருஷம் ஐப்பசியில் மலையில் மூன்று நாள் விடாத மழை. விடிந்ததும் கமலத்தையும் அழைத்துக்கொண்டு மனைக்குப் போனேன். எங்களுக்கு முன்பே டீச்சர் குடையோடு நின்றிருந்தார். என் குழி எங்கே என்றே தெரியவில்லை. செந்நிறத்தில் ஆளுயரத் தண்ணீர், ஒரு பனையை வேரோடு இழுத்துக்கொண்டு போனது.

அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை? ஊகூம். சின்னப் பிள்ளைபோல் முகமெல்லாம் மலர, கமலத்தைப் பார்த்து, "அம்மணி, அந்த வளைவப் பாருங்க, எத்தன அழகாத் திரும்புது!" என்றார்.

கமலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "எம்புள்ளைங்க இதுல போயிருக்குமுங்க டீச்சர்."

இப்போது அந்த மனையைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். காய்ந்து கிடக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. குழி இருந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் கற்களைக் கையில் கொடுத்து, விற்பதாக இல்லை என்கிறேன். சிலர் கிறுக்கன் என்று சொல்லிப் போகிறார்கள். போகட்டும். நான் உள்ளவரை அந்த இடத்தில் யாருடைய பிள்ளையும் படுத்துத் தூங்காது. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.