பக்கத்து வீட்டுச் சீனியா

பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளோடு கொழும்புக்குப் போகும்போது வாசல் பூப்பாத்தியை என்னிடம் ஒப்படைத்தா. "சீனியா பூத்து நிண்டால் ஆள் இருக்கெண்டு நினைப்பினம். வாடினால் கதவை நிலையோட கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள்." எங்கள் ஒழுங்கையில் அப்படிக் கழன்ற வீடுகள் ஏற்கெனவே இருந்தன.

உயர்தரச் சோதனை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் இருந்த காலம். கூடப் படித்தவர்கள் அரைவாசிப் பேர் ஊரில் இல்லை. யாழ்ப்பாணம் போன அம்மா, சண்டையில் பாதை பூட்டியதால் அங்கேயே நின்றுவிட்டா. அப்பா துறைமுக வேலையால் வருவார், சாப்பிடுவார், படுப்பார். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. பாய்ந்து ஏற்றுக்கொண்டேன்.

முதலில் வந்தது அழுக்கணவன் பூச்சி. மொட்டுக்கடியில் பச்சைப் பொட்டுகளாய் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும். சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன், செத்து விழுந்தன. பெரிய வைத்தியர் போல ஒரு எண்ணம் வந்துவிட்டது. ஊரடங்குக்குப் படலை பூட்டியதும், இரண்டு வளவுக்கும் நடுவே வேலியிலிருந்த இடைவெளியால் நுழைந்து, வாளியும் பேணியுமாய் ஒவ்வொரு செடியையும் தலையிலிருந்து குளிப்பாட்டுவேன். கதைக்க ஒருவரும் இல்லாத நேரம் அது. இருட்டும்வரை ஊற்றுவேன். அக்கா நெருக்கி விதைத்ததில் ஒன்றையும் பிடுங்க மனம் வரவில்லை.

பிறகு இலைகளில் மா தூவினமாதிரி வெள்ளை படிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். அடுத்த செடிக்கும் பரவியது.

கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வரும் மீன்கார நானா வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பூவுக்குப் பவுடர் போட்டிருக்கீங்க. கலியாணமா?"

"ஓம் நானா, மாப்பிள்ளையைத்தான் காணேல்ல."

அவர் போனபின் பள்ளிக்கூட விவசாயப் புத்தகத்தை இழுத்தெடுத்தேன். சாம்பல் நோய். செடிகளுக்கிடையில் காற்றோட்டம் வேண்டும், நோய்ப்பட்டதை எரிக்க வேண்டும், காலையில் அடியில் மட்டும் தண்ணீர் விட வேண்டும். நான் பின்னேரங்களில் ஆசையாய்ச் செய்ததெல்லாம் பிழை.

அரைவாசியையாவது பிடுங்க வேண்டும். பிடுங்கினால் வாசல் மொட்டையாகும், தெருவில் போகிறவனுக்கு வெறும் வீடென்று விளங்கிவிடும். விட்டால் எல்லாமே போகும். இரண்டு நாள் பாத்தியைச் சுற்றி நடந்தேன். பிறகு பிடுங்கி எரித்தேன். வாசலை மறைக்க அக்காவின் கொடியில் என் சட்டைகளையும் அப்பாவின் சேர்ட்டுகளையும் காயப்போட்டேன். காலையில் உலர்த்தி மாலையில் எடுப்பேன். தண்ணீர் விடும் வேலை விடியற்காலையிலேயே முடிந்துவிட, பின்னேரங்கள்தான் நீண்டு போயின. துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் அதுகூட யாரோ கதைப்பது போல இருந்தது.

மீன்பிடித் தடையால் நானாவையும் கொஞ்சக் காலம் காணவில்லை. தடை எடுத்த கிழமை, சிவப்பும் செம்மஞ்சளுமாய்ச் சீனியா நிமிர்ந்து நின்ற அன்று, சைக்கிள் மணி என் வீட்டைத் தாண்டிப் போய் அக்காவின் படலையில் அடித்தது.

"அக்கோய், சூடை மீன் இருக்கு!" என்னைக் கண்டதும் திரும்பினார். "அக்கா எப்ப வந்தா? சொல்லவேயில்ல."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். ஒழுங்கை முனையில் யாரோ இரண்டு பேர் நின்றார்கள்.

"போன கிழமை. தலையிடியெண்டு படுத்திருக்கிறா, நானா. அவவுக்கும் சேர்த்து என்னட்டயே தாங்கோ."

"குறைஞ்சிடும் எண்டு சொல்லுங்க. நாளைக்கும் வாறன்."

அன்றைக்கு இரண்டு வீட்டுக்கென்று வாங்கிய முழு மீனையும் பொரித்தேன். வேலையால் வந்த அப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"இவ்வளவு மீன் ஆருக்கு? ஆரும் வந்தவையோ?"

"இல்லையப்பா," என்றேன். "சாப்பிடுங்கோ."