ஆளில்லாத நேரம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் 'பொறுமையக்கா' என்று கூப்பிடுவது பாராட்டு இல்லை, நக்கல். விஷமுறிவு ஆலோசனை மையத்தின் இணையதளத்தைப் பன்னிரண்டு வருடமாகக் கட்டிக் காப்பவள் அவள். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லும் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்கள். மையத்து டாக்டர் சொல்லச் சொல்ல அத்தனையையும் தட்டச்சு செய்தவள் அவளேதான். அந்தப் பக்கங்களைத் தாங்கும் மென்பொருள் மட்டும் அரதப் பழசு. புதிய பதிப்புக்கு மாறச் சொல்லி ஒரு சிவப்புப் பொத்தான் இரண்டு வருடமாகத் திரையில் கிடந்தது.

அவள் சும்மா பயந்தவள் இல்லை. முன்பு ஒருமுறை மாற்றியபோது தளம் முக்கால் மணி நேரம் வெறும் வெள்ளையாகப் படுத்துவிட்டது. இப்போதோ, இந்த மாதத்தோடு பழைய பதிப்புக்குப் பாதுகாப்பு கிடையாது என்று மென்பொருள் கம்பெனியிடமிருந்து கடிதமே வந்துவிட்டது. எவனாவது உள்ளே புகுந்து ஒரே ஒரு வரியை மாற்றி வைத்தால் என்ன ஆகும்?

"ஆளில்லாத நேரமாப் பாத்து மாத்திடும்மா," என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தளத்துக்கு வந்தவர்களின் ஒரு மாதப் பதிவை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்துப் பார்த்தாள். அம்மாடி! ஆளில்லாத நிமிஷம் என்று ஒன்றுகூட இல்லை. விடிகாலையில் எலி மருந்து, காலையில் சலவைத்தூள், சாயங்காலம் யாரோ விழுங்கிய பட்டன் பேட்டரி. எந்நேரமும் எங்கேயோ ஒருவர் அவள் தட்டிய எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் மாதக் கடைசியில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணிதான் இருப்பதிலேயே குறைவு.

"ரெண்டே பேர்தானேக்கா, தட்டிவிடுங்க," என்றாள் மையத்துப் போனை எடுக்கும் நர்ஸ்.

"அந்த ரெண்டு பேரை எங்க போகச் சொல்றது?"

எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வேறொரு கணினியில் ஏற்றினாள். மாற்றி முடிக்கும்வரை வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். நகலில் தேடும் வசதி வேலை செய்யாது; அதனால் மையத்தின் தொலைபேசி எண்ணை உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டாள். செவ்வாய்க்கிழமை இரண்டரைக்குப் பொத்தானை அழுத்தினாள்.

ஏழாவது நிமிஷம் போன் அடித்தது. நர்ஸ் வேறொரு அழைப்பில் இருந்ததால் அவளே எடுத்தாள்.

"எதைத் தேடினாலும் வரமாட்டேங்குதுங்க! பாத்ரூம் ஆசிட்டைப் பையன் வாயில ஊத்திக்கிட்டான். எங்கம்மா உப்புத்தண்ணி கலக்கிட்டாங்க, வாந்தி எடுக்க வைக்கவா?"

"வேணாம்! கொடுக்காதீங்க!" கத்தியேவிட்டாள். அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். "வாந்தி எடுத்தா தொண்டை மறுபடி வெந்துடும். வாயைத் தண்ணியில கழுவிவிட்டு, அந்த பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

மூன்று மணிக்குப் புதிய பதிப்பு ஒரு குறையுமில்லாமல் எழுந்து நின்றது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா? நல்லவேளை, யாரும் வந்திருக்க மாட்டாங்க."

"ஒரு வீடே வந்துச்சு டாக்டர்," என்றாள். அவள் கை இன்னும் போன் மேலேயே இருந்தது. "அந்த உப்புத்தண்ணியைக் கீழ கொட்டுற சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு."