சுப்பம்மாளுக்குக் காது மந்தம்

எம்.ரெட்டியபட்டியில் நான் உரக்கடை போட்டு முப்பது வருடமாகிறது. பருத்திச் செடியில் ஒரு இலையைக் கிள்ளி வந்து காட்டினால் போதும், என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லிவிடுவேன். 'காசிராஜன் அண்ணாச்சி கண்ணுக்கு எதுவும் தப்பாது' என்பார்கள். அந்தக் கண்ணுக்கு வீட்டில் இருந்த மனைவி மட்டும் இரண்டு வருடம் தப்பிவிட்டாள்.

சுப்பம்மாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டபோது, என் மேல் உள்ள கோபத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். கோபப்படத் தகுந்த காரியங்களை நானும் செய்துதான் வைத்திருந்தேன். கடைச்சாவி அரிசிப் பானைக்குள் கிடைத்த அன்று கத்தினேன். கூடப் பிறந்த தங்கச்சியைப் பார்த்து "இவுக யாரு?" என்று அவள் கேட்ட அன்றுதான் பயந்துபோய் மதுரைக்குக் கூட்டிப்போனேன். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் மறதி நோய் என்றார் டாக்டர். முழுதாகக் குணமாக்க மருந்து கிடையாது, மாத்திரை கொஞ்சம் உதவலாம், மற்றதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் கையில்தான் என்றார்.

பக்கத்தில் இருந்த நான் கௌரவம் பார்த்தேன். அண்ணாச்சி வீட்டம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசுமே! அவள் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், "அவளுக்குக் காது மந்தம்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள். அன்றிலிருந்து அவள் காதருகே வந்து கத்தத் தொடங்கினார்கள். அவள் மிரண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஆடி மாதத்தில் ஒருநாள் நான் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள். என் பொய் கண்டக்டர் வரைக்கும் போயிருந்தது. "எங்கம்மா போகணும்?" என்று அவரும் காதுக்குள் கத்தியிருக்கிறார். பயந்துபோய் நடுவழியில் இறங்கிவிட்டாள். மூன்று மணி நேரம் தேடியபின், கருவேலங்காட்டு ஓரம் செருப்பில்லாமல் நின்றவளைக் கண்டுபிடித்தோம்.

மறுநாள் கிராம நர்ஸ் ரேணுகாதேவி வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ போனா ஆளு கெடைக்க மாட்டாக. ஊருக்கு உண்மையச் சொல்லுங்க. நாலு பேரு பாத்துக்கிட்டாத்தான் இவுகளக் காப்பாத்த முடியும். மெதுவாப் பேசச் சொல்லுங்க. சேலையில உங்க போன் நம்பரத் தச்சு வைங்க."

கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகக் கிளம்பினேன். முதல் மூன்று வீட்டில் நாக்கு புரளவில்லை. டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். நாலாவதாகப் பக்கத்து வீட்டு அழகுத்தாயிடம்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப அக்காவுக்குக் காது கேக்குமா அண்ணாச்சி? கேக்காதுன்னு நெனச்சு அவுக முன்னாடியே, புருசனுக்குப் பாரமாயிட்டாகன்னு பேசிக்கிட்டு இருந்தோமே!"

அவளை என்ன சொல்வது? சொல்லிச் சொல்லி நானே என் பொய்யை நம்பியிருக்கிறேன். சுப்பம்மாளை எதிரே வைத்துக்கொண்டுதான் மகளிடம் போனில், "உங்கம்மாவ வச்சு மாரடிக்க முடியல. சீக்கிரம் போய்ச் சேந்தாத் தேவல" என்று சொன்னேன். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சுப்பு, அன்னைக்கு நான் போன்ல பேசுனது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பொம்பள பாவம்ங்க. நாமளாவது ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வருவோமா?"