கரியாலூரில் நான் கேட்ட கேள்வி

விழுப்புரத்தில் நில வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். சென்ற ஆண்டு பழங்குடியினர் சட்டத்தில் முதுநிலைச் சான்றிதழ் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். வகுப்புகள் இணையத்தில்தான், ஆனால் முடிக்க ஒரு கள அறிக்கை எழுத வேண்டும். அதற்காகத்தான் பிப்ரவரியில் கல்வராயன் மலைக்குப் போனேன். அருவி பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே வழி என்பதால், படிப்பில் ஆர்வமில்லாதவர்களும் படிக்கலாம்.

விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். தியாகதுருகம் கோட்டைப் பாறை ஜன்னலில் தெரிந்தால் பையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு பஸ் உண்டு, எண்ணிக்கை குறைவு. நான் வடக்கனந்தல்காரர் சேகரின் காரைப் பேசிக்கொண்டேன். போக, வர, காத்திருக்க இரண்டாயிரத்து ஐந்நூறு. கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. வளைவுகளில் வயிறு புரட்டுபவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

"இன்னா மேடம், ஃபால்ஸுக்கா? இப்ப தண்ணி கம்மிங்க. மழைக்கு அப்புறம் வாங்க, ஜாஸ்தியா கொட்டும்" என்றார் சேகர்.

நான் போனது கரியாலூருக்குப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றுக்கு. அங்கே வன உரிமைக் குழுவின் தலைவர் அண்ணாமலை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே வனத்தில் பயிர் செய்துவந்த பழங்குடிக் குடும்பம், அந்த நிலத்துக்கு உரிமை கேட்கலாம் என்கிறது சட்டம். அப்படிக் கேட்டவர்களின் நிலங்களைக் குழுவும் வனக்காவலரும் சேர்ந்து பார்வையிடும் நாள் அது. போனில் நான் வக்கீல் என்றதுமே அண்ணாமலை, "நீங்க கூட நின்னா எங்களுக்குத் தெம்பா இருக்கும்மா" என்றிருந்தார். படிப்புக்காக வருகிறேன் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவதாகப் பார்த்தது குப்பாயி என்பவருடைய நிலம். நாற்பது வயதுக்குள் இருக்கும். மாமனார் வைத்த பலாமரத்தைத் தட்டிக் காட்டினார். அதைச் சுற்றிலும் சாமை அறுத்த தாள். மேலே சரிவில் இன்னொரு துண்டு, மரவள்ளி நட்டது. அண்ணாமலை கையை வீசி, "இது மொத்தமும் ஒண்ணுங்க" என்றார். வனக்காவலர் தலையாட்டிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் நகரத் தொடங்கினார்கள்.

அப்போது நான் கேட்டேன். "மேல இருக்கிறதும் அப்பவே உழுததா, பின்னாடி சேர்த்ததாம்மா?"

குறுக்கு விசாரணை செய்து பழகிய வாய். குப்பாயி என்னைத் தன் ஆளாக நினைத்துச் சிரித்தபடி, "அது எம் பொண்ணுக்குக் காது குத்துன வருசம் திருத்துனதுங்க" என்றார்.

"பொண்ணு இப்ப என்ன படிக்குது?"

"பிளஸ் டூங்க."

"அப்படின்னா பதினேழு வயசு. 2005-க்கு அப்புறம்தான்" என்று நான் சத்தமாகக் கணக்குப் போட்டேன். வனக்காவலர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

பதறிப்போய் அவரைத் தனியே அழைத்து, "அது என் அனுமானம்தான் சார்" என்றேன்.

"நீங்கதானே மேடம் கேட்டீங்க? என் காதுபட சொல்லிட்டாங்க. இனிமே நான் எழுதாம விட முடியுமா?" என்றார். அவர் மீது குற்றமில்லை.

மதியச் சாப்பாடு குப்பாயி வீட்டில் என்று முன்பே ஏற்பாடாகியிருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அவர் பரிமாறினார், அண்ணாமலை சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். கை கழுவ எழுந்தபோது குப்பாயி கேட்டார்.

"வக்கீலம்மா, நீங்க யாரு பக்கமா வந்தீங்க?"

"நான்... படிக்க வந்தேன்மா."

"படிக்கவா? எங்கள வச்சா?"

கீழே இறங்கும் வழியெல்லாம், உண்மையைத்தானே கேட்டேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. கேட்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர்களே கேட்காமல் கடந்த ஒன்றை, தேதி தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காகவே நான் கேட்டேன். சேகர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லையா? வண்டிய ஓரங்கட்டவா?" என்றார். வளைவுதான் காரணம் என்றேன்.

கீழ்நிலத்துக்கு உரிமை கிடைத்தது. மேல்துண்டு விடுபட்டது. மேல்முறையீட்டை நானே நடத்தித் தருகிறேன், காசு வேண்டாம் என்று அண்ணாமலையிடம் போனில் கெஞ்சினேன். "வேணாம்மா, கள்ளக்குறிச்சியில வேற ஆளு பாத்துக்கினு இருக்காரு" என்று மரியாதையாகவே வைத்துவிட்டார். அறிக்கையில் குப்பாயி நிலத்தை எழுதினேன். என் கேள்வியை எழுதவில்லை. கள அனுபவம் சிறப்பு என்று பாராட்டு வந்தது. ஆசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதை வாசித்தபோது கேமராவை அணைத்துவிட்டேன்.

மலைக்குப் போகிறவர்கள் தண்ணீரும் ஒரு சால்வையும் எடுத்துச் செல்லுங்கள். சாயங்காலமே குளிர் ஏறிவிடும். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. என்னைப் போலப் படிப்புக்காகப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது வாயைத் திறக்காதீர்கள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பதை, ஊர்க்காரர்கள் உங்களுக்குச் சோறு போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.