சிப்பாய் நிற்கும் மலை

லோர்னா ஷெல்டன் செய்த மலைகளுக்குக் ‘கல்யாண கேக்’ என்று பெயர் வைத்த பாவி நான்தான். ஆறு வருடம் அந்தப் பெயர் எங்கள் சங்கத்தில் ஓடியது. இப்போது யாராவது சொன்னால் எனக்கே கோபம் வருகிறது.

இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் நகரத்துப் புல்வெல் பக்கம், தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிறோம். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டி, அணிவகுத்து, மேசைமேல் போர் நடத்துகிறோம். ‘பொம்மை’ என்று சொன்னால் அடிக்க வருவோம். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் போர்க்களம் என்ன லட்சணம் தெரியுமா? நாலு தடிப் புத்தகம், மேலே ஒரு பச்சைப் போர்வை. அதுதான் மலை.

லோர்னா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. கூடத்துச் சாவி அவளிடம் இருந்ததால் கதவு திறந்துவிட வருவாள். ஒருநாள் போர்வையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏன் கண்ணு, இது மலையா, இல்ல யாராச்சும் காய்ச்சல்ல படுத்திருக்காங்களா?”

எங்கள் ஊரில் தபால்காரர் முதல் நீதிபதி வரை எல்லோருமே ‘கண்ணு’தான்.

அடுத்த வாரம் ஒரு மலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளிர் புகாமலிருக்கச் சுவருக்குள் வைக்கும் நுரை அட்டையை ரொட்டிக் கத்தியால் அறுத்து, தட்டுத் தட்டாக அடுக்கி, பசை தடவி, மணல் தூவி, பழுப்புப் பெயின்ட் அடித்திருந்தாள். அது காய்ந்தபின் ஈரமில்லாத பிரஷ்ஷால் வெளிர்நிறத்தை மேலாக இழுத்ததில் மணலெல்லாம் பாறையாகத் தெரிந்தது. காட்டுத் தரைக்கு எங்கள் டீயின் சக்கையைக் காயவைத்துத் தூவினாள். பிறகு ஆறு, திராட்சைத் தோட்டம், இடிந்த சுவர் எல்லாம் அவள் கைவேலைதான். விளையாட மட்டும் வரமாட்டாள்.

“நீங்க அடிச்சிக்கிட்டுச் சாவுங்க. நிக்க எடம் நான் தர்றேன்” என்பாள்.

சாய்வில் ஈயச் சிப்பாய் நிற்காது. அதனால் அவள் மலையெல்லாம் படிப்படியாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அடுக்கடுக்கான அசல் கல்யாண கேக். நான் கிண்டல் செய்ய, அவளும் சிரிப்பாள். வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பல் டாக்டர் மால்கம் சங்கத்தில் சேர்ந்தார். பல்செட்டுக்கு அச்சு வார்க்கும் மாவில் ஒரு ஸ்பெயின் மலையை வார்த்துக் கொண்டுவந்தார். செங்குத்தும் வெடிப்பும் சரிவுமாக இருந்த அதை, வாயில் ஈ புகுந்தது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த மாதம், பக்கத்து ஊரான நியூவார்க்கில் எங்களைப் போன்ற சங்கங்களின் கண்காட்சி. நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். சங்கத்துக்கு ஒரு மேசைதான்; யார் மலையைக் கொண்டுபோவது என்று ஓட்டெடுத்தோம். பதினாலு பேரில் பதினொரு கை மால்கமுக்கு உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது.

லோர்னா ஒரு சிப்பாயை எடுத்து மால்கமின் சரிவில் வைத்தாள். சர்ரென்று வழுக்கி, ஈட்டி வளைந்து கீழே கிடந்தான்.

“அடியில பசையை ஒட்டிக்கலாமே” என்றார் மால்கம்.

“சரி டாக்டரே. எதிரி தொரத்துனா, ஒட்டுனதப் பிச்சிக்கிட்டா ஓடுவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “ஆறு வருஷமா உங்களுக்கு நெலம் போட்டுக் குடுத்தேன். வெளிய எடுத்துக் காட்ட லாயக்குன்னு ஒருத்தனுக்கும் தோணல, இல்ல?” என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். கோட்டு மாட்டி வாசலில் நின்றிருந்தாள். “அழுறதா இருந்தா வழியில அழு. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அசல் மலை எப்படி இருக்கிறது என்று பார்க்க டெர்பிஷையர் குன்றுகளுக்குப் போனோம். குளிரில் சாண்ட்விச்சைக் கடித்தபடி எதிர்ச்சரிவில் மேயும் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

“அந்த ஆடுங்க ஏன் உருள மாட்டேங்குது?”

பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக ஆடுகள் குறுக்கே நடந்து நடந்து, சரிவு முழுவதும் மெல்லிய வரி விழுந்திருந்தது. கீழிருந்து பார்த்தால் புல்லில் சுருக்கம். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு படி.

“மலையே படிக்கட்டுதான், கண்ணு. என்ன, அதுக்கு மறைக்கத் தெரிஞ்சிருக்கு.”

மூன்று வாரம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. இரண்டு பென்ஸ் நாணயம் ஒன்றுதான் அளவுகோல். எங்கள் சிப்பாயின் அடித்தட்டு அதே அகலம். புது மலையில் நாணயம் உட்காரும் அளவுக்கு ஆட்டுத்தடம் வெட்டினாள். விளிம்பைவிட உள்பக்கம் ஒரு மயிரிழை தாழ்வு, சிப்பாய் மலைமேல் சாய்ந்துகொள்ளட்டும் என்று. இடைச்சரிவில் அடர்ந்த புல், தடத்தில் தேய்ந்த மண். முன்னாலிருந்து பார்த்தால் படியே தெரியவில்லை.

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஒரு முழு ஆட்டம் ஆடுங்க. ஒரே ஒருத்தன் உருண்டாலும் டாக்டர் மலை போகட்டும். நான் இந்தப் பக்கம் வர மாட்டேன்.”

மால்கமும் நானும் ஆடினோம். நாலு மணி நேரம். இருநூறு சிப்பாய்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். என் தொப்பை இரண்டு முறை மேசையில் இடித்தது. ஒருவனும் அசையவில்லை. லோர்னா சுவரோரம் கைகட்டி நின்றாள்.

கடைசிச் சுற்றில் ‘டக்’கென்று ஒரு சத்தம். மால்கமின் தளபதி குதிரையோடு உருண்டு ஆற்றில் கிடந்தான்.

எப்படி விழுந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. லோர்னா கோட்டை எடுக்கப் போனாள்.

“நில்லு லோர்னா” என்றார் மால்கம். “என் சட்டைக்கை பட்டுச்சு. மலை தள்ளல, நான்தான் தள்ளுனேன்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் மலைதான் நியூவார்க் போயிருக்கும். தளபதியை எடுத்துத் தடத்தில் வைத்தார். முஷ்டியால் மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கோப்பைகள் குதித்தன. தளபதி நின்றான்.

“இதுக்கு மேல என்னய்யா ஓட்டு? வேன்ல ஏத்துங்க.”

நியூவார்க்கில் எங்கள் மேசையைச் சுற்றி நாலு வரிசைக் கூட்டம். லண்டன்காரர் ஒருவர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, “எந்தக் கம்பெனியில செய்யச் சொன்னீங்க?” என்று கேட்டார்.

“கம்பெனியா? எங்க ஊர்ப் பள்ளிக்கூடச் சமையல்காரிங்க! லோர்னா ஷெல்டன்! தோ நிக்கிறா பாருங்க!” என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கூவினேன்.

அவள் காது வரை சிவந்து என் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

“மெதுவா கண்ணு. நீ கத்துற கத்துல சிப்பாய் விழுந்துடப் போறான்.”

ஒருத்தனும் விழவில்லை.