நெல் மூட்டையில் இருந்த ஜிபிஎஸ்

என் அக்கா என்னை ‘வாங்க, போங்க’ என்று பேச ஆரம்பித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வெளியாட்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியாது. மரியாதை தெரிந்த குடும்பம் என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், எனக்கு மூக்குச் சிந்திவிட்டவள், ‘டா’ போடாமல் என்னிடம் ஒரு வாக்கியம் பேசியறியாதவள், திடீரென்று “நல்லா இருக்கீங்களா” என்று கேட்டால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம்.

நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. அவளுடைய பெண்ணுக்குச் சடங்கு வைத்தபோது நான் ஷார்ஜாவில் டிரைவராக இருந்தேன். தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மனைவியும் அவளுடைய தம்பியும் சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் போட வேண்டிய மாலையை ஒன்றுவிட்ட அண்ணன் போட்டார். லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். லீவு நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஒருவர் முன்னால் போய் நின்று ஒன்றைக் கேட்பது எனக்கு வராது. என்னோடு அறையில் தங்கியிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது இதை அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அடுத்த போனில் ‘ங்க’ வந்தது.

ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் கழித்து என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாசியில் முகூர்த்தம். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“ரொம்ப சந்தோஷங்க.”

“நீதான்க்கா முன்னால நின்னு நடத்தணும்.”

“பத்திரிகை வரட்டுங்க, பாப்போம்.”

பத்திரிகை வரட்டும் என்றால் தபாலில் இல்லை, வாட்ஸாப்பில் இல்லை. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, வீட்டுக்குப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். அத்தை இல்லாமல் பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தால் பந்தலில் இருக்கும் அத்தனை பேரும் “அத்தை எங்க” என்று கேட்பார்கள். அது போகட்டும், என் பெண்ணே கேட்பாள். எனக்கும் அவள் வர வேண்டும். இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

சிக்கல் என்னவென்றால் அக்கா வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது. பாகம் பிரித்த பிறகு அத்தான் தன் பங்கு நிலத்துக்குப் பக்கத்திலேயே, பூதலூரைத் தாண்டி, புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிரகப்பிரவேசத்துக்கும் நான் வரவில்லை. திரும்பி வந்த பிறகும் போகவில்லை. கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். தானாக வரட்டும் என்று அவள் இருந்திருப்பாள். தஞ்சாவூரிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம்.

கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வழி கேட்டால் அதைவிட ஒரு கேவலம் உண்டா? இதுவரை வந்ததே இல்லை என்று தண்டோரா போடுவதுதானே அது. மைத்துனனிடம் கேட்கலாம். கேட்டால் அவன் சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பான். போனில் தேடினேன். அதே பெயரில் மூன்று ஊரைக் காட்டியது. மனைவியிடம் மட்டும் கேட்டேன். அதுவும் கேட்பது போல இல்லாமல்.

“பூதலூர் தாண்டி எங்கியோ லெப்ட்ல திரும்புனோம். தட்டு சரியாம மடியில புடிச்சிட்டு வந்தேன், வழியையா பாத்தேன்? அதான் ஜிபிஎஸ்ல அண்ணி வீட்டைக் குறிச்சு வச்சேனே” என்றாள்.

நீயும் வாயேன் என்றேன். “நான் வந்தா அண்ணி எங்கிட்டயே பேசி அனுப்பிருவாங்க. உங்க அக்கா, நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த ஜிபிஎஸ் பெட்டியை ஷார்ஜாவிலிருந்து நான்தான் அனுப்பியிருந்தேன். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் பழைய மாடல். அங்கே பன்னிரண்டு வருடம் அதைப் போன்ற ஒரு பெட்டி சொன்ன பக்கமெல்லாம் திரும்பிச் சம்பாதித்தவன் நான். ஒருவரிடம்கூட வழி கேட்டதில்லை. ஊருக்கு வந்த பிறகும் அதை நம்பித்தான் வண்டி ஓட்டினேன். கார்த்திகை மழையில் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் ஒழுகி அது நனைந்துபோனது. அரிசியில் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்றாள் என் பெண். அதன் பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

தை பிறந்து தேடும்போது அரிசி டிரம்மில் அது இல்லை. மனைவி சாவதானமாகப் போய் நெல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்து வந்தாள்.

“அரிசியிலன்னுதானே சொன்னா?”

“உலையில போடுற அரிசியில கார்ல கெடந்ததைப் போடுவாங்களா? நெல்லும் அரிசிதானே. சட்டை போட்ட அரிசி.”

பெட்டியை ஊதித் துடைத்து, காரில் வைத்துச் சார்ஜ் போட்டேன். விளக்கு வந்தது. வரைபடம் வந்தது. எங்கள் தெரு தெரிந்தது. அப்பாடா என்று நினைப்பதற்குள் தெரு சின்னதாக ஆரம்பித்தது. நான் விரலே வைக்கவில்லை. தெரு போய் நகரம் வந்தது. நகரம் போய் ஆறுகள் நீல நூலாக வந்தன. காவிரி, வெண்ணாறு, வெட்டாறு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அவையும் போய், மாநிலம் போய், இந்தியா வந்தது, அதுவும் ஒதுங்கி அரபிக்கடல் வந்தது. கடைசியில் நான் பிழைக்கப் போன ஊரும் பிறந்த ஊரும் நாலு விரற்கடை இடைவெளியில் ஒரே திரையில் நின்றன. பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு படி உள்ளே வந்து, அடுத்த நொடி மறுபடி பின்வாங்கியது. இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு ஆசியாவுக்கு வேண்டுமானால் போகலாம், அக்கா வீட்டுக்குப் போக முடியாது.

பின்பக்கத் துளையில் ஊசியைக் குத்தி அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே கதை. தொடுதிரையைச் சரிசெய்யும் பக்கம் ஒன்று உண்டு. பெட்டி உயிர்பெறும்போது பெயர் வரும் இடத்தில் விரலை அழுத்தியபடி இருந்தால் அது திறக்கும். திரையில் ஒரு கூட்டல் குறி வரும், அதன் நடுவில் அழுத்த வேண்டும், அடுத்த மூலையில் இன்னொன்று வரும். எனக்கு முதல் குறியே நகரவில்லை. நான் எங்கே அழுத்தினாலும் இடது கீழ் மூலையில் யாரோ முந்திக்கொண்டு அழுத்துவதாக அது நினைத்தது.

தஞ்சாவூரில் போன் ரிப்பேர் கடை ஒன்றில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

“டச் போயிடுச்சு சார். இதுக்கு டிஸ்பிளே வராது. போன்லயே மேப் இருக்கே, எந்த ஊருக்குப் போவணும், சொல்லுங்க, நானே போட்டுத் தர்றேன்.”

எந்த ஊருக்கு என்று இவரிடம் வேறு சொல்ல வேண்டுமா? பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் காரிலேயே உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இப்போதைய போன் விரல் பட்டாலே கேட்கும். இந்தப் பழைய திரை அப்படி இல்லை, அதற்கு அழுத்தம் வேண்டும். விரல் நகம், பேனா மூடி, எது அழுத்தினாலும் கேட்கும். அப்படியென்றால் அந்த மூலையில் நிஜமாகவே ஏதோ அழுத்துகிறது. சின்னதாக்கும் பொத்தான் சரியாக அங்கேதான் இருந்தது. பின்பக்கத்துத் திருகுகளை இரண்டு சுற்று தளர்த்தினேன். பின்வாங்கிக்கொண்டே போன வரைபடம் நின்றது. இறுக்கினேன். மறுபடி ஓடியது. மூன்று முறை செய்து பார்த்தேன். கடைக்காரரைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

சட்டத்துக்கும் திரைக்கும் நடுவில் விட மெல்லியதாக, ஆனால் விறைப்பாக ஏதாவது வேண்டும். கத்தி விட்டால் திரை கிழியும். சாதாரணத் தாள் மடங்கியது. பின் இருக்கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. மாப்பிள்ளையின் படிப்பைத் தப்பாக அச்சடித்து ஒதுக்கிய பத்திரிகைகள் பத்துப் பதினைந்து தனியாகக் கிடந்தன. வழவழப்பான கெட்டி அட்டை. ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தை இடுக்கில் செருகி, மேல் மூலையிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தேன். இடது கீழ் மூலையில் தட்டியது. நெம்பினேன். மஞ்சளாக ஒன்று என் மடியில் விழுந்தது.

உமி. ஒரு நெல்லின் உமி, அதிலும் பாதி. சட்டை போட்ட அரிசி தன் சட்டையில் பாதியை உள்ளே கழற்றிவிட்டுப் போயிருந்தது. விரல் நுனியில் வைத்து உள்ளே போய் மனைவியிடம் காட்டினேன். “பாத்தீங்களா, சின்னதாத்தானே இருக்கு” என்றாள்.

திருகுகளை இறுக்கிவிட்டுச் சரிசெய்யும் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் குறியை அழுத்தினேன். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டது. சேமித்த இடங்களில் ‘அண்ணி வீடு’ இருந்தது. ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்தை விட்டு ‘வேடு’ ஆக்கியிருந்தாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் அதுகூட அழகாகத் தெரிந்தது.

மறுநாள் காலை தட்டோடு தனியாகக் கிளம்பினேன். அறுவடை நேரம். பூதலூர் தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருக்கும் பெண் ஆங்கிலத்தில் இடது என்றாள், திரும்பினேன். வாய்க்கால் கரையோடு நேராக என்றாள், போனேன். அக்காவிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘வழி தெரிஞ்சுதுங்களா’ என்று அவள் கேட்டால், ‘தெரியாம என்னக்கா’ என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்று பெட்டி அறிவித்தது. பார்த்தேன். ஒரு மதகு இருந்தது. மதகுக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் இருந்தது. இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வீடு என்று ஒன்று இல்லை.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. சடங்கன்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். காரை மதகிலேயே நிறுத்திவிட்டுச் சீரோடு ஊர்வலமாக நடந்து போயிருப்பார்கள். கார் நின்ற இடத்தைக் குறித்து வைத்திருக்கிறாள் என் மனைவி. பெட்டியின் மேல் குற்றமே இல்லை.

மதகிலிருந்து மூன்று பக்கம் பாதை பிரிந்தது. ஒன்றில் போனேன், களத்தில் போய் முடிந்தது. பின்னாலேயே வந்தேன். இன்னொன்றில் போனேன், அது வயலில் இறங்கியது. ரோட்டில் காயும் நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, அங்கயும் இங்கயுமா போய்ப் போய் வர்றீங்க? யார் வீட்டுக்கு?”

“சும்மாதான்” என்றேன்.

அவள் மறுபடி நெல்லைக் கிண்டப் போனாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தட்டில் வெற்றிலை வாட ஆரம்பித்திருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. போனால் அக்கா கல்யாணத்துக்கு வர மாட்டாள், அவ்வளவுதான். இறங்கி அந்தப் பெண்ணிடம் போய் அத்தான் பெயரைச் சொல்லி, அவர் வீடு எது என்று கேட்டேன்.

“அவுங்க வீடா? நீங்க அவுங்களுக்கு என்ன வேணும்?”

“அந்த அக்காவோட தம்பி.”

“தம்பியா? துபாய்த் தம்பியா?”

ஷார்ஜா என்று திருத்தவில்லை. அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள், பக்கத்து ஊருக்கே கேட்கும்படி.

“யக்கா, ஒன் தம்பியாம். வழி தெரியாம மதகாண்ட நிக்கிறாரு.”

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காரில் ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் போய்ப் பார்க்காத மூன்றாவது பாதையில் அக்கா வருவது தெரிந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல், விறுவிறுவென்று வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நான் இறங்கினேன். ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை.

“ஏன்டா, கூடப்பொறந்தவ வீட்டுக்கு ரோட்டுல நிக்கிறவகிட்டயாடா வழி கேப்பே?” என்றாள். “எனக்கு ஒரு போன் அடிச்சா உன் கை தேஞ்சு போயிடுமாடா? நாளைக்கு இவ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாடா. வெக்கமா இல்ல உனக்கு?”

நெல் கிண்டிக்கொண்டிருந்தவள் இப்போதே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பயந்தது அத்தனையும் அப்படியே, ஒரு சொல் குறையாமல் நடந்துகொண்டிருந்தது. பின் கதவைத் திறந்து தட்டை எடுத்தேன்.

“நடு ரோட்டுலயாடா பத்திரிகை வைப்பே? உள்ள வைடா அதை.”

வைத்தேன். அவள் முன் இருக்கையில் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள். வண்டியைக் கிளப்பியதும் பெட்டிக்குள் இருந்த பெண், திரும்பி மதகுக்கே போகச் சொன்னாள்.

“யாருடா இவ?”

“வழி சொல்ற மெஷின்க்கா.”

“அதை நிறுத்து மொதல்ல. நான் சொல்றேன், போ.”

நிறுத்தினேன்.