ராகுகாலத்தில் ஒரு ஜெர்மன் பட்டப்படிப்பு

அறுபதுகளின் நடுவில், பம்பாயில், ஒரு ஜூன் மாத வியாழக்கிழமை நடந்தது இது. அப்போது நாங்கள் மாட்டுங்காவில் இருந்தோம். நான் காலேஜில் இன்டர்மீடியட் முடித்திருந்தேன். பி.ஏ.வில் ஜெர்மன் எடுத்துப் படிப்பதென்று முடிவு செய்திருந்தேன்.

அந்த முடிவுக்கு வீட்டில் சம்மதம் வாங்க இரண்டு மாதம் ஆனது. எங்கள் கட்டடத்தில் பெண்கள் இன்டருக்குப் பிறகு டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படிப்பார்கள், பிறகு கல்யாணம் செய்துகொள்வார்கள். ஜெர்மன் படித்து யாரோடு பேசப்போகிறாள் என்று மாடிவீட்டு மாமி அம்மாவைக் கேட்டார். அம்மாவும் அதையே என்னிடம் கேட்டாள். நான் ஒரு பழைய நோட்டில் திட்டம் போட்டு வைத்திருந்தேன். இரண்டு வருஷம் பி.ஏ., இரண்டு வருஷம் எம்.ஏ., அதன்பிறகு ஏதாவது ஜெர்மன் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை. அப்பா அந்த நோட்டை வாங்கிப் படித்தார். அவர் ஆபீசுக்கு வந்த மெஷின் ஒன்றின் விளக்கப் புத்தகம் ஜெர்மனில் இருந்ததாம். அதைப் படிக்க ஆளில்லாமல் மெஷின் ஆறு மாதம் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்ததாம். அதனால் சரி என்றார். இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் டைப்ரைட்டிங்தான் என்பதையும் கூடவே சொல்லிவிட்டார்.

அப்பாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெரிய ஆபீசில் தபால் வாங்கிப் பதியும் கிளார்க். வரும் காகிதத்தில் தேதியும் நேரமும் குறித்து முத்திரை போடுவார். கெடு தாண்டி வந்ததை முன்நேரம் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி மேலதிகாரியே கேட்டும் மறுத்தவர். இரண்டாவது, ராகுகாலத்தில் எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார்.

விண்ணப்பம் கொடுக்கச் செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி என்று தள்ளிப்போய், கடைசி நாளான வியாழன்தான் மிஞ்சியது. அன்று காலை மார்க் ஷீட் நகலில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். ரயில் பிடித்துக் காலேஜ் வாசலில் நாங்கள் நின்றபோது மணி ஒன்று முப்பத்தைந்து. வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று. விண்ணப்பம் வாங்கும் ஜன்னலை மூடுவதும் மூன்றுக்கு.

அப்பா கலங்கவில்லை. சரியாக மூன்றடிக்கும்போது கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ரேடியோவில் மணி சொல்லும்போது தினமும் சரிசெய்யும் கைக்கடிகாரம் அவருடையது. வெளியே மழை. நாங்கள் வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றோம். பின்னால் வந்தவர்களையெல்லாம் அப்பா மரியாதையாக முன்னே விட்டார். ஒரு கட்டத்தில் வரிசையே இல்லை. உள்ளிருந்த கிளார்க் கையை நீட்டி விண்ணப்பத்தைக் கேட்டார். அப்பா இரண்டடி பின்வாங்கினார். எனக்கு அவமானமாக இருந்தது. பிடுங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், தைரியம் வரவில்லை.

உள்ளே சுவர்க்கடிகாரம் மூன்றடித்தது. கிளார்க் ஜன்னலை இறக்கித் தாழ்ப்பாள் போட்டார். அப்பாவின் கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது.

தட்டிக் கேளுங்கள் என்றேன். அப்பா அசையவில்லை.

"அவர் கடிகாரத்துல மணி ஆயிடுத்து. நானா இருந்தாலும் மூடித்தான் இருப்பேன்" என்றார். முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. நான் அழுதேன். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வராந்தாக் கோடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் எழுந்து வந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. தெற்கே நாசரேத் பக்கத்து ஆள், இங்கே தாராவியில் குடியிருக்கிறார் என்று அவரே சொன்னார். ஒரு மணி நேரமாக எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"கையில வச்சிக்கிட்டே குடுக்க மாட்டேங்கியளேன்னு பாத்தேன். ராகுகாலமா ஐயா?"

அப்பா தலையசைத்தார். பியூன் சிரிக்கவில்லை, புத்தி சொல்லவுமில்லை. உள்ளே தபால் வாங்கும் பிரிவு இருக்கிறது, இன்றைக்குக் கெடுவுக்குள் வந்ததாக அங்கே முத்திரை விழுந்தால் போதும் என்றார். மூன்றுக்கு மேல் வந்ததை எப்படி வாங்குவார்கள் என்று அப்பா கேட்டார். அந்த வேலையை அப்பாவைவிட அறிந்தவர் யார்? பியூன் கையை நீட்டினார். அப்பா தன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐந்து. கொடுத்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் ஒரு ரசீதுத் துண்டோடு பியூன் திரும்பி வந்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முத்திரைக்குக் கீழே மையால் எழுதியிருந்தது: 2.45.

பொய் நேரம், அதுவும் ராகுகாலத்துக்குள்ளேயே. கிழித்துப் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"நேரம் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க ஐயா" என்றார் பியூன்.

அப்பா அந்தத் துண்டை இன்னொரு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பியூனுக்குக் கைகூப்பினார். ஆபீசில் மேலதிகாரிக்குக்கூட அவர் அப்படிக் கும்பிட்டிருப்பாரா, தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, ராகுகாலம் கழித்துத்தானே கொடுத்தீர்கள் என்பது. மூன்று அடித்த பிறகுதான் என் கையை விட்டுப் போனது என்றார் அப்பா. அதுவும் உண்மைதான். ரசீதை அம்மாவிடம் காட்டவில்லை, என்னிடம் கொடுத்தார்.

இடம் கிடைத்தது. நோட்டில் போட்ட திட்டம் முழுசாக நடக்கவில்லை, எம்.ஏ. விட்டுப்போனது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் மொழிபெயர்ப்பாளராகத்தான் சம்பளம் வாங்கினேன். அந்தக் காலேஜில் படித்த இரண்டு வருஷத்தில் அந்தப் பியூனை ஒரு தரம்கூட நான் முறையாக உட்கார்ந்து நலம் விசாரிக்கவில்லை. படிக்கிற திமிர், அது இன்றும் உறுத்துகிறது. அப்பா அதற்கு முன்னும் பின்னும் தப்பான நேரம் எதையும் சரியென்று சொன்னதாக எனக்குத் தெரியாது. வாழ்நாளெல்லாம் கட்டிக் காத்த இரண்டையும் அவர் ஒரே வார்த்தையில் எனக்காக விட்டுக்கொடுத்ததை நினைக்கும்போது, நான் படித்த எந்த மொழியிலும் அவருக்கு நன்றி சொல்லவில்லையே என்றுதான் தோன்றுகிறது.